கால்வாய் கடந்தவரிடம் எப்படிக் கேட்பது? கொங்குப் பக்கத்துக் கப்பல்காரர்களின் நினைவுகளைப் பதிவு செய்யப் புதிதாக இறங்குவோருக்கு

கடலே இல்லாத சீமையில் கப்பல்காரரைத் தேடுவதா என்று சிரிப்பவர்கள் பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கம் பழைய லேத் பட்டறைக்காரர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே கை பழகிய டர்னர், ஃபிட்டர் என்று பலர் கப்பல் ஏறியிருக்கிறார்கள். கோவையில் மெக்கானிக்கல் படித்துவிட்டு மரைன் எஞ்சினியர் ஆனவர்களும் உண்டு. வேலை முடிந்து திரும்பியவர்கள் பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வாங்கினார்கள், காங்கேயத்தில் அரிசி ஆலையில் பங்கு போட்டார்கள், சிலர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு மேனேஜர் ஆனார்கள். வீட்டில் கேட்டால் "அப்பாரு ஃபாரின்ல இருந்தாரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த நினைவுகளை எழுதி வைக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை, கால்வாயிலிருந்து, குறிப்பாக மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கும் எகிப்தின் சூயஸ் கால்வாயிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். நடுக்கடலில் கழித்த மாதங்களைப் பற்றிக் கேட்டால் "எல்லா நாளும் ஒரே மாதிரிதான் கண்ணு" என்பார்கள். அது உண்மையும்கூட. கால்வாய் நாள் அப்படியல்ல. சூயஸைக் கடக்க ஏறத்தாழ 12 முதல் 16 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் கப்பலில் எல்லோருக்கும் வேலை உண்டு. கரை கைக்கெட்டும் தூரத்தில் நகரும், வெளியாட்கள் ஏறி இறங்குவார்கள். நாற்பது வருடம் கழித்தும் அந்த ஒரு நாள் மங்காமல் இருக்கும்.

முதலில் ஆண்டுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆளைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பெரியவர்கள் நிகழ்ச்சியைச் சரியாகச் சொல்வார்கள், வருடத்தை மாற்றிச் சொல்வார்கள். கால்வாயின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் நிகழ்ச்சியை வைத்தே வருடத்தைப் பிடித்துவிடலாம்.

சூயஸ் திறக்கப்பட்டது 1869 நவம்பர் 17. எகிப்தின் நாசர் அதை நாட்டுடைமை ஆக்கியது 1956 ஜூலை 26. அந்த ஆண்டின் கடைசியில் நடந்த போரில் கால்வாய் மூடப்பட்டு, 1957 ஏப்ரலில் மீண்டும் திறந்தது. கால்வாயின் வடக்கு முனையான போர்ட் சைடு முகத்துவாரத்தில் கால்வாயைத் தோண்டிய லெசெப்ஸின் பெரிய சிலை ஒன்று 1899 முதல் நின்றது. 1956 கடைசியில் அதைத் தகர்த்துவிட்டார்கள், அதன் பிறகு நின்றது பீடம் மட்டும். "சிலையைப் பாத்தனுங்க" என்று ஒருவர் சொன்னால், எந்தச் சிலை, முழுதாகவா பீடமாகவா என்று ஒரு கேள்வி போதும்.

அடுத்ததுதான் பெரிய இடைவெளி. 1967 ஜூன் போரில் மூடிய கால்வாய் 1975 ஜூன் 5 அன்றுதான் திறந்தது. எட்டு வருடம். அந்தக் காலத்தில் பம்பாயிலிருந்து ஐரோப்பா போன கப்பல் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகத்தான் போனது. ஆகவே "எழுபதுல சூயஸ்ல போனோம்" என்று ஒருவர் சொன்னால் அங்கே எதுவோ இடம் மாறியிருக்கிறது. முகத்துக்கு நேரே "அப்ப மூடியிருந்துதே" என்று மடக்காதீர்கள். "அந்தப் பயணத்துல டர்பன், கேப் டவுன் பக்கம் நின்னீங்களா?" என்று கேட்டால் அவரே தேடி எடுத்துவிடுவார். 75-க்குப் பிறகு போனவர் என்றால் கரையோரம் கிடந்த போரின் மிச்சங்களைப் பற்றிச் சொல்வார்.

மூடிய அந்த எட்டு வருடமும் 14 கப்பல்கள் கால்வாய் வழியிலேயே இருக்கும் பெரிய கசப்பு ஏரியில் மாட்டிக்கொண்டு கிடந்தன. இன்னொன்று திம்சா ஏரியில். மாலுமிகள் ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தார்கள், சொந்தமாகத் தபால்தலை வரைந்து ஒட்டினார்கள், 1968-இல் தங்களுக்குள் ஒரு ஒலிம்பிக் விளையாட்டே நடத்தினார்கள். பாலைவன மணல் படிந்து நின்றதால் மஞ்சள் கப்பற்படை என்று பேர். சுவாரசியமான கதை என்பதால் பலருடைய வாயில் அது சொந்த அனுபவம் போல ஒட்டிக்கொள்ளும். அந்த 14-இல் இந்தியக் கொடிக் கப்பல் ஒன்றுகூட இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்திருங்கள்.

பிறகு 2015 ஆகஸ்ட் 6. அன்றுதான் 35 கிலோமீட்டருக்குப் புதிய தடம் வெட்டித் திறந்தார்கள். அதற்கு முன் தெற்கே போகும் கப்பல்கள் ஏரியில் நங்கூரம் போட்டோ, பல்லா என்ற இடத்துக் கிளைத் தடத்தில் கட்டிக்கொண்டோ, எதிரே வரும் கப்பல் வரிசை போகும்வரை மணிக்கணக்கில் காத்திருக்கும். காத்திருந்த கதை சொல்பவர் பெரும்பாலும் 2015-க்கு முந்தியவர். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் குறுக்கே மாட்டி 29-ஆம் தேதி மீண்டது எல்லோருக்கும் தெரியும். 400 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலின் 25 பணியாளர்களும் இந்தியர்கள் என்பதும், நஷ்டஈட்டு வழக்கில் கப்பல் ஜூலை 7 வரை ஏரியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படாதவை. 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடல் தாக்குதலால் பல கம்பெனிகள் மறுபடி ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. அதனால் அண்மையில் சேர்ந்த இளைஞர்களில் சிலர் சூயஸைப் பார்க்காமலேயே இரண்டு மூன்று ஒப்பந்தம் முடித்திருப்பார்கள்.

ஆளைக் கண்டுபிடிப்பது

இது நினைப்பதைவிடச் சுலபம். கேட்டிலோ ஜன்னல் கிரில்லிலோ நங்கூரம் வைத்த வீடு தெரிந்தால் கதவைத் தட்டலாம். கல்யாணத் தரகர்களுக்குத் தெரியும். ஊரின் எல்ஐசி ஏஜென்ட்டுக்குக் கட்டாயம் தெரியும். பழைய தபால்காரருக்கு எந்த வீட்டுக்கு வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை வந்தது என்பது மறக்காது.

"நேவியில இருந்தாரு" என்று சொன்னால் எந்த நேவி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ராணுவ கேன்டீன் கார்டு இருந்தால் அவர் இந்தியக் கடற்படை. அவரிடம் கேட்க வேண்டியவை வேறு. நாம் தேடுவது மெர்ச்சன்ட் நேவி, அதாவது சரக்குக் கப்பல்.

நேரமும் இடமும்

கீழ்பவானியில் தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் வயல்காரர்கள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் காலைப் பலகாரம் முடிந்து வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். ஒறம்பரை (உறவினர்) கூடியிருக்கும் நாளில் போகாதீர்கள். எல்லோரும் சேர்ந்து கதை சொல்லிக் கடைசியில் அவர் பேசியது எது என்று தெரியாமல் போய்விடும்.

பல்லடம், சோமனூர்ப் பக்கம் என்றால் விசைத்தறிச் சத்தத்தைக் கணக்கில் எடுங்கள். தறி ஓடாத நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு போவது நல்லது. ஃபோனில் பதிவு செய்தால் போதும், தனி மைக் வேண்டியதில்லை. ஃபோனை மேசை மேல் நேராக வைக்காமல் ஒரு துண்டை மடித்து அதன் மேல் வையுங்கள், டம்ளர் வைக்கும் சத்தம் பாதி குறையும். மேலே ஓடும் ஃபேனை நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம்.

எஞ்சின் ரூமில் வேலை செய்தவர்களில் பலருக்குக் காது மந்தமாக இருக்கும். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்காருங்கள். கத்த வேண்டாம். வாயசைவு தெரிகிற மாதிரி எதிரே இருந்து நிதானமாகப் பேசினால் போதும். பேரன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியைத் திருப்பிச் சொல்வது வசதி போலத் தெரியும். ஆனால் அவன் தன் கேள்வியையும் கலந்துவிடுவான்.

முறை வைத்துக் கூப்பிடுங்கள். முறை தெரியாவிட்டால் "அய்யா" போதும். "சார்" என்றால் அவர் கம்பெனி இன்டர்வியூவில் பேசுவது போலப் பேச ஆரம்பித்துவிடுவார்.

முதல் கேள்வி: எங்க நின்னீங்க?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் "கால்வாய் எப்படி இருந்துது?" என்றுதான் தொடங்குகிறார்கள். பதிலாக வருவது யூடியூப்பில் நாமே பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம்: ரெண்டு பக்கமும் மணல், நடுவுல தண்ணி. கப்பலில் ஒவ்வொருவருக்கும் கால்வாய் நாளில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஒரு தாளைக் கொடுத்துக் கப்பலை மேலிருந்து பார்ப்பது போல வரையச் சொல்லுங்கள். படம் நன்றாக இருக்க வேண்டியதில்லை. அதில் தான் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளி எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து அடுத்த கேள்வி.

முன்பக்கம் புள்ளி வைத்தால் அவர் டெக் ஆள், அல்லது அவர்களின் மேஸ்திரியான போசன். கால்வாய் முழுக்க நங்கூரத்தை உடனே போடத் தயாராக வைத்துக்கொண்டு அங்கே ஆள் நிற்க வேண்டும். சூயஸ் விளக்கு பற்றிக் கேளுங்கள். இரவில் கடக்கும் கப்பல் முகப்பில் பெரிய சர்ச்லைட் ஒன்றைப் பொருத்தும். எதிரே வருபவன் கண் கூசாதபடி அதன் ஒளியை நடுவில் இருட்டு விட்டு இரண்டாகப் பிரிக்கலாம். அதைத் தூக்கி மாட்டியது யார், எரியாமல் போனபோது என்ன நடந்தது என்று கேட்டால் அரை மணி நேரம் பேச்சு ஓடும்.

நடுவில் வைத்தால் மூரிங் படகு. எகிப்துக்காரப் படகோட்டிகள் தங்கள் படகோடு கப்பலில் ஏறிக்கொள்வார்கள், படகைக் கிரேன் வைத்துத் தூக்கிக்கொள்ள வேண்டும். புழுதிக்காற்றோ மூடுபனியோ வந்து கப்பலைக் கரையில் கட்ட நேர்ந்தால் கயிற்றைக் கரைக்குக் கொண்டுபோவது அவர்கள் வேலை. அவர்களுக்கென்றே பல கப்பல்களில் சூயஸ் க்ரூ என்று கதவில் எழுதிய அறை இருக்கும். கயிற்று வேலை இல்லாதபோது அவர்கள் நடைபாதையில் கடை பரப்பிவிடுவார்கள்: பாப்பிரஸ் தாளில் வரைந்த படம், தோல் ஒட்டகம், கல் வண்டு, பிற்காலத்தில் சிம் கார்டு. நம் ஊர் வீட்டு ஷோகேஸில் நிற்கும் ஒட்டகம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்திருக்கும். அதை எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டு, என்ன கொடுத்து வாங்கினீர்கள் என்று கேளுங்கள். பணமா, சோப்பா, பழைய கயிறா? பேரம் பேசிய கதையை மாலுமிகள் யாரும் சுருக்கமாகச் சொல்வதில்லை.

மேலே பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில் வைத்தால் சுக்கான் பிடித்தவர் அல்லது ஆபீசர். கரை உறிஞ்சுவதைப் பற்றிக் கேளுங்கள். குறுகிய நீரில் பெரிய கப்பல் ஒரு கரைக்கு நெருங்கினால் பின்பக்கம் கரையை நோக்கி இழுபடும், முகப்பு எதிர்ப்பக்கம் திரும்பும். சுக்கான் பிடித்தவருக்கு அது கையில் தெரியும். கப்பலில் ஏறி வழிகாட்டும் கால்வாய்ப் பைலட்டுகள் நடுவழியில் இஸ்மாயிலியாவில் மாறுவார்கள். ஒவ்வொருவரும் என்ன கேட்டார், என்ன சாப்பிட்டார் என்பதும் ஞாபகம் இருக்கும். சிகரெட் கார்ட்டன் கொடுத்த கதை வந்தால் பதிவு செய்யுங்கள், ஆனால் அதிகாரி பெயரையும் கம்பெனி பெயரையும் எழுத்தில் விட்டுவிடுங்கள்.

பின்பக்கம், அடியில் வைத்தால், அதுதான் நம் பக்கத்து ஆட்களில் நான் அதிகம் பார்த்தது. எஞ்சின் ரூம். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"மாமா, கால்வாயில போறப்ப நீங்க எங்கங்க நின்னீங்க?"

"நான் எங்க கண்ணு நிக்கறது, கீழ எஞ்சின் ரூம்லதான். கால்வாயவே பாத்ததில்ல போ."

இங்கேதான் புதியவர்கள் நோட்டை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள்.

"சரிங்க மாமா, கீழ என்னுங்க கேட்டுது?"

"மணிதான். டெலிகிராப் மணி. டெட் ஸ்லோ, ஸ்டாப், மறுக்கா டெட் ஸ்லோ. மேல அவன் அடிக்க அடிக்க நாம பதில் மணி அடிச்சு நேரத்தோட நோட்டுல எழுதோணும். ஒவ்வொருக்கா எஞ்சின ஸ்டார்ட் பண்றப்பவும் காத்து புஸ்ஸுனு போகும். கம்ப்ரசர் ஓடிட்டே இருக்கோணும். அப்பறம் நெடுநேரம் ஸ்டாப்புலயே நின்னுதுன்னா ஏரிக்கு வந்து நங்கூரம் போட்டாச்சுன்னு தெரிஞ்சுக்குவோம்."

டெலிகிராப் என்பது பிரிட்ஜிலிருந்து எஞ்சின் ரூமுக்கு வேகக் கட்டளை அனுப்பும் கருவி. கால்வாயைப் பார்க்காதவர் முழுக் கால்வாயையும் காதால் சொல்லிவிட்டார். இவரிடம் இன்னும் கேட்க வேண்டியவை: ஆழம் குறைந்த நீரில் சேறும் மணலும் இழுபடாமல் இருக்கக் கடல்நீர் எடுக்கும் வாயை மேல்மட்டத்துக்கு மாற்றினீர்களா, வடிகட்டி எத்தனை தடவை அடைத்தது, ஸ்டீயரிங் அறையில் யாரைக் காவல் போட்டீர்கள், இரண்டாவது ஜெனரேட்டரை எப்போது ஓட்டினீர்கள், சூடு எவ்வளவு. சோறு எங்கே சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எஞ்சின் ரூம்காரருக்கு மேலே வர ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் எதைப் பார்த்தார் என்பதைப் படம் பிடித்தது போலச் சொல்வார். நாள் முழுக்கப் பார்த்த ஆபீசரைவிட நன்றாகவே சொல்வார்.

சமையலறையில் புள்ளி வைத்தவரை விட்டுவிடாதீர்கள். அன்று கூடுதலாக எத்தனை வயிற்றுக்குச் சமைத்தார், பன்றிக்கறி இல்லாமல் தனிப் பாத்திரம் வைத்தாரா என்று கேளுங்கள்.

இடம் தெரிந்தபிறகு வரிசை. தெற்கே வந்தால் போர்ட் சைடு, கந்தாரா, பல்லா, இஸ்மாயிலியா, திம்சா ஏரி, பெரிய கசப்பு ஏரி, சின்னது, கடைசியில் சூயஸ் ஊர். வடக்கே போனால் இதைத் திருப்பிப் போட வேண்டும். பேர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். கந்தாராவுக்குப் பக்கத்தில் தலைக்கு மேல் 70 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம் போவதை அவர் சொன்னால் அது 2001-க்குப் பிறகு. சொல்லாவிட்டால் நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

தாள்களும் படங்களும்

அட்டாலியில் இருக்கும் தகரப் பெட்டியை இறக்கச் சொல்ல இதுதான் சமயம். முதலில் சிடிசி புத்தகம், அதாவது மாலுமியின் பணிப் பதிவேடு. அதில் ஒவ்வொரு கப்பலின் பேரும், சைன் ஆன், சைன் ஆஃப் ஆன தேதியும் ஊரும் முத்திரையோடு இருக்கும். எந்தக் கால்வாயில் போனது என்பது இருக்காது. கால்வாயைக் கடந்ததற்குப் பாஸ்போர்ட்டிலும் முத்திரை விழாது. ஆகவே சிடிசி நமக்குத் தருவது இரண்டு தேதிகளுக்கு நடுவே ஓர் எல்லை.

அந்த எல்லைக்குள் நாளைப் பிடிக்கக் கடித உறைதான் கை கொடுக்கும். போர்ட் சைடிலோ சூயஸிலோ ஏஜென்ட்டின் படகில் கொடுத்தனுப்பிய கடிதத்தில் எகிப்து தபால்தலையும் தேதி முத்திரையும் இருக்கும். வீட்டில் கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைக் கிழித்துப் போட்டிருப்பார்கள், அல்லது தபால்தலை சேர்க்கும் பையன் ஒருவன் வெட்டி எடுத்திருப்பான். அந்தப் பையனின் ஆல்பத்தையும் கேளுங்கள்.

அடுத்தது புகைப்படம். சூயஸ் படத்தில் கப்பலின் முகப்பும் இரண்டு கரையும் தெரிந்தால் அது எந்தத் திசையில் போகிறது என்று சொல்லிவிடலாம். மேற்குக் கரையில் நைலிலிருந்து வரும் நன்னீர் வாய்க்காலும் ரயில் பாதையும் ஊர்களும் உண்டு, அதனால் மரமும் பச்சையும் தெரியும். கிழக்கே சினாய், பெரும்பாலும் வெறும் மணல். முகப்பைப் பார்த்து நிற்கும்போது பச்சை வலது கைப் பக்கம் இருந்தால் கப்பல் தெற்கே, நம் பக்கமாக வருகிறது. இடது பக்கம் இருந்தால் ஐரோப்பாவுக்குப் போகிறது. நெகட்டிவ் திருப்பிக் கழுவப்பட்ட படமாக இருந்தால் கணக்கு மாறிவிடும். ஏதாவது எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்.

கப்பலின் பின்புறம் தெரியும் படத்தில் பேருக்குக் கீழே "பனாமா" என்று எழுதியிருந்தால் குடும்பமே "எங்க பெரியப்பா பனாமாவுக்குப் போனாரு" என்று சொல்லும். அது கப்பல் பதிவான ஊர். கம்பெனி வரியையும் செலவையும் குறைக்கப் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவு என்று கொடியை வாங்கிக்கொள்ளும். வாழ்நாளில் பனாமா பக்கமே போகாத கப்பலிலும் அந்தப் பேர் இருக்கும்.

கப்பல் பேர் விற்க விற்க மாறும், கப்பலுக்கென்று கொடுத்த ஐஎம்ஓ அடையாள எண் மாறாது. சிடிசியில் அந்த ஏழு இலக்கம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கப்பலின் வரலாற்றைத் தேட அது ஒன்று போதும். சிடிசி எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் ஸ்கேனில் தெரியாதபடி மறைத்துவிடுங்கள்.

நிஜமாகவே பனாமா போனவர் என்றால்

கேள்விகள் அடியோடு மாறும். சூயஸ் கடல்மட்டக் கால்வாய், கதவை மூடித் தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலை மேலே கீழே கொண்டுபோகும் பூட்டு மடை கிடையாது. பனாமாவில் கப்பல் மடையில் ஏறி, கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே இருக்கும் காட்டூன் ஏரியில் மிதந்து, மறுபடி இறங்க வேண்டும். மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். 1914 ஆகஸ்ட் 15-இல் திறந்தது. பழைய மடையின் அகலம் 33.5 மீட்டர், அதற்கென்றே கட்டிய கப்பல்கள் 32.3 மீட்டர். இரண்டு பக்கமும் முழங்கை நீளத்துக்குமேல் சற்று இடம் இருந்தால் அதிகம். கரையில் தண்டவாளத்தில் ஓடும் மியூல் என்ற எஞ்சின்கள் கம்பி கட்டிக் கப்பலை நடுவில் நிறுத்தும். கப்பல் நகர்வது சொந்த எஞ்சினில். மியூல் பற்றி விரிவாகச் சொல்பவர் பழைய மடையில் போனவர். 2016 ஜூன் 26-இல் திறந்த புதிய பெரிய மடைகளில் மியூல் இல்லை, இழுவைப் படகுதான். சின்னத் துடுப்புப் படகில் இருவர் வந்து முதல் கயிற்றை வாங்கியதையும் கேளுங்கள். அத்தனை பெரிய இயந்திரக் கால்வாயில் முதல் கயிறு கைத்துடுப்பில் போனதை நேரில் பார்த்தவர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள்.

எஞ்சின் ரூம்காரருக்கு இங்கே ஒரு தனிக் கேள்வி உண்டு. ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர். உப்பு இல்லாத தண்ணீர் அவ்வளவு கிடைத்தபோது என்ன செய்தீர்கள்?

ஜெர்மனியின் கீல் கால்வாய் சொல்பவர்களும் இருப்பார்கள். 98 கிலோமீட்டர், 1895-இல் திறந்தது, இரண்டு கரையும் புல்வெளியும் மாடும். மாடு வளர்க்கும் ஊர்க்காரர்கள் அந்த மாட்டைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பேச விடுங்கள்.

வீட்டம்மாவிடம் தனியாக

இதைத் தவற விடாதீர்கள். அவர் கடலில் இருந்தபோது தேதி வைத்து எண்ணியது வீட்டில் இருந்தவர்தான். போர்ட் சைடு கடிதம் வந்த பிறகு எத்தனை நாளில் ஆள் வந்தார், வரும் வழியா போகும் வழியா, அப்போது எந்தக் குழந்தை கையில் இருந்தது, எந்தப் பண்டிகை தவறியது என்பதெல்லாம் அவரிடம்தான் கிடைக்கும். "மூத்தவனுக்கு மொட்டை போடற வருசம்" என்று அவர் சொன்னால், அந்த மகனின் பிறந்த தேதியை வாங்கி சிடிசியோடு சேர்த்துப் பாருங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் அந்த அம்மா பேச மாட்டார், அல்லது கணவர் பேச விடமாட்டார். சமையற்கட்டுப் பக்கம் ஒரு பெண் போய்க் கேட்பது நல்லது. உங்கள் அக்காவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

எழுதும்போது

அவர் "பாத்தனுங்க" என்றால் "பார்த்தேன்" என்று திருத்தாதீர்கள். கப்பல் சொற்களையும் அப்படியே விடுங்கள்: வாட்ச், ஸ்டாண்ட்பை, விண்ட்லாஸ். படிப்பவருக்குப் புரியாத இடத்தில் ஒரு வரி விளக்கம் போதும். அவர் மைல் என்றால் அது கடல் மைல், 1.852 கிலோமீட்டர். அதைக் கவனிக்காமல் மாற்றி எழுதினால் தூரக் கணக்கெல்லாம் கோணலாகும்.

ஊர்க்காரர்களுக்கு நீளத்தை விளங்க வைக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பவானிசாகரில் தொடங்கும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர், சூயஸ் இன்று 193. கரையோரமாகவே அத்தனை தூரமும் ஒரு கப்பல் சைக்கிள் வேகத்தில், மணிக்கு சுமார் 14 கிலோமீட்டரில் போகிறது என்றால் கோபிக்காரருக்கும் பெருந்துறைக்காரருக்கும் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அகலத்தை மட்டும் அவர்கள் கற்பனை செய்துகொள்ளட்டும்.

அவர் சொன்னது ஒரு பத்தி, நீங்கள் சரிபார்த்தது தனிப் பத்தி. இரண்டையும் கலக்காதீர்கள். வருடம் பொருந்தாவிட்டால் அவர் சொன்ன வருடத்தை அப்படியே வைத்துவிட்டு, உங்கள் கணக்கைக் கீழே எழுதுங்கள். அவர் மகன் வந்து "அப்பா தப்பாச் சொல்லிட்டாரு, மாத்துங்க" என்பார். மாற்றாதீர்கள்.

இன்னும் கடலில் இருப்பவரிடம்

விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும் இளைஞரிடம் பேசும்போது ஓர் எல்லை வேண்டும். செங்கடலில் ஆயுதக் காவலர் இருந்தார்களா, ஆபத்து வந்தால் கப்பலில் எங்கே ஒளிவார்கள், எந்த நேரத்தில் எந்த வழியில் போனார்கள் என்பதைக் கேட்காதீர்கள். அவரே சொன்னாலும் வெளியிடாதீர்கள். கம்பெனி ஒப்பந்தத்தில் இதற்குத் தடை இருக்கலாம், அடுத்த பயணம் போக வேண்டியவர் அவர். கப்பல் பேரையும் தள்ளி வையுங்கள். எவர் கிவன் மாட்டியபோது 400-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இரண்டு முனையிலும் காத்திருந்தன. அந்த வரிசையில் நின்றவர் என்றால் தண்ணீர், காய்கறி எப்படிச் சமாளித்தார்கள், ரிலீவர் வராமல் ஒப்பந்தம் எவ்வளவு நீண்டது என்று கேட்கலாம். அது கொரோனாக் காலமும்கூட, ஆள் மாற்றமே பெரும்பாடாக இருந்தது.

திருப்பிக் கொடுப்பது

பேசிய பிறகு மாதக்கணக்கில் காணாமல் போகாதீர்கள். தட்டச்சு செய்த தாளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போதுதான் "அது இஸ்மாயிலியா இல்லீங்க, கந்தாரா" என்று திருத்தம் வரும், கூடவே இரண்டு புதிய கதையும் வரும். ரெக்கார்டரை அன்றைக்கும் எடுத்துப் போங்கள். வெளியிடலாமா, பேர் போடலாமா என்று கேட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லும் பகுதியை அவர் கண்முன்னே அடித்துவிடுங்கள்.

ஒலிப்பதிவையும் ஸ்கேன்களையும் பென் டிரைவில் போட்டு மகனிடம் ஒன்று, கட்டிக்கொடுத்த மகளிடம் ஒன்று கொடுங்கள். வீடு மாறும்போதும் பாகம் பிரிக்கும்போதும் ஒரு வீட்டில் தொலைந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். சிடிசி புத்தகத்தின் அசலை நீங்கள் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். கிளம்பும்போது, தன்னோடு கப்பலில் இருந்த நம் பக்கத்துக்காரர் வேறு யாராவது உண்டா என்று கேட்டு, பேரையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். தாராபுரத்திலோ சென்னிமலையிலோ ஒருவர் கட்டாயம் இருப்பார்.